ஏசி/டிசி

ஏசி/டிசி என்பது 1973ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கப்பட்ட ஒரு ஹார்ட் ராக் இசைக்குழு ஆகும். ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சகோதரர்களான மால்கம் யங், அங்கஸ் யங் ஆகிய இருவரும் இதனை நிறுவினர். மதுவிடுதிகளிலும் இரவு விடுதிகளிலும் இசைத்துத் தம் கலையைக் கற்றுக்கொண்ட இக்குழுவினர், பின்னாளில் உலகின் மிகப் பெரிய விளையாட்டரங்குகளில் நிகழ்ச்சி நடத்தும் நிலைக்கு உயர்ந்தனர். இவர்களது இசைத்தட்டுகள் உலக அளவில் 20 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாகியுள்ளதாக மதிப்பிடப்படுகிறது. 1980இல் வெளியான "பேக் இன் பிளாக்" உலகில் மிகுதியாக விற்பனையான இசைத்தொகுப்புகளுள் ஒன்றாகும்.

உரத்த மின்கிதார், அழுத்தமான தாளம், உச்சக் குரலில் பாடுதல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட ராக் இசை வகையே ஹார்ட் ராக் எனப்படுகிறது. 1960களின் பிற்பகுதியில் புளூஸ் இசையிலிருந்தும் ராக் அண்ட் ரோல் இசையிலிருந்தும் இது கிளைத்தது. இவ்வகையில் ஏசி/டிசி குழுவின் தனித்தன்மை எளிமை ஆகும். விடுதி மேடைகளில் உருவான ஓர் இசைமுறையை அக்குழு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் மாற்றாமல் பின்பற்றி வந்துள்ளது.

குடும்பப் பின்னணி

மால்கம் யங் 1953 சனவரி 6 அன்றும், அங்கஸ் யங் 1955 மார்ச் 31 அன்றும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தனர். 1963இல் யங் குடும்பத்தினர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். பிரித்தானியக் குடியேறிகளுக்கு ஆஸ்திரேலிய அரசு பயணச் செலவில் உதவி வழங்கி வந்த காலம் அது. சிட்னியின் வில்லவுட் பகுதியில் இருந்த குடியேறிகள் விடுதியில் முதலில் தங்கிய இவர்கள், பின்னர் பர்வுட் என்னும் புறநகரில் வாழ்ந்தனர்.

இவர்களின் மூத்த சகோதரர் ஜார்ஜ் யங் (1946 - 2017), அதே குடியேறிகள் விடுதியில் நெதர்லாந்திலிருந்து வந்திருந்த ஹாரி வாண்டா என்பவரைச் சந்தித்தார். இருவரும் வேறு சிலருடன் சேர்ந்து "தி ஈசிபீட்ஸ்" என்ற குழுவைத் தொடங்கினர. அக்குழுவின் "ஃபிரைடே ஆன் மை மைண்ட்" என்ற பாடல் 1966இல் பன்னாட்டு வெற்றி பெற்றது. ஆயினும் அந்த வெற்றி நீடிக்கவில்லை. 1969இல் குழு கலைந்தது. ஜார்ஜ் யங்கும் ஹாரி வாண்டாவும் பிறகு பாடலாசிரியர்களாகவும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர்களாகவும் பணியாற்றினர். ஏசி/டிசியின் தொடக்க கால இசைத்தொகுப்புகளைச் சிட்னியின் ஆல்பர்ட் நிறுவனத்துக்காகத் தயாரித்தவர்கள் இவர்களே. இசைத்துறையில் புகழ் எவ்வளவு விரைவில் மறையும் என்பதைத் தம்பியர் இருவரும் தம் வீட்டிலேயே கண்டிருந்தனர் எனலாம்.

பெயர்க்காரணம்

சகோதரி மார்கரெட் ஒரு தையல் இயந்திரத்தில் பொறிக்கப்பட்டிருந்த "ஏசி/டிசி" என்ற எழுத்துக்களைப் பார்த்து இப்பெயரைப் பரிந்துரைத்தார். ஏசி என்பது மாறுதிசை மின்னோட்டத்தையும், டிசி என்பது நேர்திசை மின்னோட்டத்தையும் குறிக்கும் சுருக்கங்கள் ஆகும். மின்சாரத்தின் ஆற்றலைக் குறிக்கும் இப்பெயர் தம் இசைக்குப் பொருந்தும் என்று சகோதரர்கள் கருதினர். அங்கஸ் யங் மேடையில் அணியும் பள்ளிச் சீருடையும் மார்கரெட்டின் யோசனையே. முகமூடி வீரன், கொரில்லா முதலிய வேடங்களை அங்கஸ் முயன்று பார்த்தபோதும் இறுதியில் நிலைத்தது அரைக்காற்சட்டையும் தொப்பியும் கொண்ட சீருடைதான்.

ஆஸ்திரேலிய விடுதிச் சுற்று

ஏசி/டிசியின் இசையைப் புரிந்துகொள்ள அக்கால ஆஸ்திரேலிய மதுவிடுதிகளின் இயல்பை அறிதல் வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் மதுவிடுதிகள் மாலை ஆறு மணிக்கே மூடப்பட்டு வந்தன. இந்த நேரக் கட்டுப்பாடு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1955இலும், விக்டோரியா மாநிலத்தில் 1966இலும் நீக்கப்பட்டது. இரவு நேரத்திலும் திறந்திருக்கத் தொடங்கிய விடுதிகளுக்கு வாடிக்கையாளர்களை ஈர்க்க ஏதேனும் ஒரு கேளிக்கை தேவைப்பட்டது. பெரிய கூடங்களைக் கொண்ட புறநகர் விடுதிகள் இசைக்குழுக்களை வாடகைக்கு அமர்த்தின. இவ்வாறு சிட்னி, மெல்போர்ண், அடிலெய்டு, பேர்த் நகரங்களை இணைக்கும் ஒரு விடுதிச் சுற்று உருவானது.

இவ்விடுதிகளுக்கு வருவோர் பெரும்பாலும் நாள் முழுதும் உழைத்துவிட்டு மது அருந்த வந்த தொழிலாளர்கள். அவர்களது பேச்சொலியை மீறிக் கேட்கும் அளவுக்கு இசை உரத்து ஒலிக்க வேண்டும். பாடல் தொடங்கிய சில நொடிகளிலேயே கவனம் ஈர்க்கப்பட வேண்டும். இரண்டு பாடல்களுக்கு இடையே இடைவெளி நீண்டால் கூச்சலும் சில வேளைகளில் கண்ணாடிக் குவளைகளும் மேடையை நோக்கி வரும். ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இசைப்பதும், சிட்னிக்கும் மெல்போர்ணுக்கும் இடையேயான ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவைச் சாலை வழியே கடப்பதும் இக்குழுக்களுக்கு வழக்கமாக இருந்தன.

ஏசி/டிசி குழு தன் முதல் முக்கிய நிகழ்ச்சியை 1973 டிசம்பர் 31 அன்று சிட்னியின் செக்கர்ஸ் என்ற இரவு விடுதியில் நடத்தியது. அப்போது டேவ் எவன்ஸ் பாடகராக இருந்தார். 1974இல் முதல் தனிப்பாடல் தட்டு வெளியானது. தொடக்கத்தில் டிரம்ஸ் கலைஞர்களும் பேஸ் கிதார் கலைஞர்களும் அடிக்கடி மாறினர். 1974இன் பிற்பகுதியில் டேவ் எவன்ஸ் விலக, பான் ஸ்காட் பாடகரானார்.

பான் ஸ்காட்

பான் ஸ்காட் (1946 - 1980) ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு வயதில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேண்டில் துறைமுக நகரில் வளர்ந்தவர். யங் சகோதரர்களை விட வயதில் மூத்தவர். "தி வாலண்டைன்ஸ்", "ஃபிரட்டர்னிட்டி" ஆகிய குழுக்களில் பாடியிருந்தபோதும் பெரிய வெற்றி எதனையும் அவர் பெற்றிருக்கவில்லை. 1974இல் அடிலெய்டில் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் கடுமையாகக் காயமடைந்து மீண்டிருந்தார். 28 வயதில், இசை வாழ்வு ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், அவருக்கு ஏசி/டிசியில் இடம் கிடைத்தது.

விடுதி வாழ்க்கையையே பாடுபொருளாக்கியது அவரது பங்களிப்பாகும். குறைந்த ஊதியம், திருட்டு, சண்டை, ஓயாத பயணம் ஆகியவற்றை நகைச்சுவையுடன் அவர் பாடல்களில் எழுதினார். இவ்வகையில் புகழ்பெற்ற "இட்ஸ் எ லாங் வே டு தி டாப்" பாடலில் ஸ்காட்லாந்தின் மரபிசைக் கருவியான பைப்பையும் சேர்த்து ஒலிக்கிறது. 1976 பிப்ரவரியில் மெல்போர்ணின் சுவான்ஸ்டன் தெருவில் திறந்த சரக்குந்து ஒன்றின் மீது நின்று இசைத்தவாறே குழுவினர் சென்ற காட்சி இப்பாடலுக்காகப் படமாக்கப்பட்டது.

1975இல் டிரம்ஸ் கலைஞராக ஃபில் ரட், பேஸ் கிதார் கலைஞராக மார்க் எவன்ஸ் ஆகியோர் இணைந்தனர். மெல்போர்ணில் விடுதி நடத்தி வந்த மைக்கேல் பிரவுனிங் குழுவின் மேலாளரானார். ஆஸ்திரேலியாவில் மட்டும் "ஹை வோல்டேஜ்", "டி.என்.டி." ஆகிய இரு இசைத்தொகுப்புகள் 1975இல் வெளியாயின. "கவுண்ட்டவுன்" என்ற தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இவர்களை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது.

மீண்டும் அடித்தளத்திலிருந்து: பிரித்தானியாவும் அமெரிக்காவும்

அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டதைத் தொடர்ந்து, 1976 ஏப்ரலில் குழு இலண்டனுக்கு இடம்பெயர்ந்தது. ஆஸ்திரேலியாவில் பெற்ற புகழ் அங்கு பயன்படவில்லை. எனவே இவர்கள் மீண்டும் சிறு விடுதிகளிலிருந்தே தொடங்கினர். ஹாமர்ஸ்மித் பகுதியில் இருந்த ரெட் கவ் என்ற சிறிய மதுவிடுதியில் இலண்டனின் முதல் நிகழ்ச்சி நடந்தது. சில மாதங்களில் சோகோ பகுதியின் புகழ்பெற்ற மார்க்கீ விடுதியில் தொடர் நிகழ்ச்சிகளை நடத்தி, அளவுக்கு மீறிய கூட்டத்தை ஈர்த்தனர். அவ்வாண்டு இலண்டனில் பங்க் இசை பரவத் தொடங்கியிருந்தது. செய்தித்தாள்கள் சில வேளைகளில் ஏசி/டிசியையும் அவ்வகையில் சேர்த்தன. குழுவினர் அதனை ஏற்கவில்லை.

அமெரிக்காவில் முன்னேற்றம் மேலும் மெதுவாக இருந்தது. 1976இல் வெளியான "டர்ட்டி டீட்ஸ் டன் டர்ட் சீப்" தொகுப்பை அட்லாண்டிக் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை வெளியிட மறுத்தது. (1981இல் அது வெளியிடப்பட்டபோது அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது.) 1977இல் மார்க் எவன்ஸ் நீக்கப்பட்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த கிளிஃப் வில்லியம்ஸ் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு சூலையில் டெக்சாசின் ஆஸ்டின் நகரில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியது. ஆகஸ்டில் நியூயார்க்கின் சிபிஜிபி விடுதியிலும் லாஸ் ஏஞ்சல்சின் விஸ்கி எ கோ கோ விடுதியிலும் இவர்கள் இசைத்தனர். இவ்வாறு மூன்று கண்டங்களில் மூன்று முறை இக்குழு விடுதிச் சுற்றைக் கடந்து வந்தது.

ஒவ்வொரு முறையும் முன்பின் அறியாத பார்வையாளர்களைச் சில நிமிடங்களில் வென்றாக வேண்டியிருந்தது. அங்கஸ் யங் பான் ஸ்காட்டின் தோளில் ஏறிக் கூட்டத்தின் நடுவே கிதார் வாசித்துக்கொண்டே செல்லும் காட்சி இக்காலத்தில் புகழ்பெற்றது. கம்பியில்லாமல் கிதார் ஒலியைக் கடத்தும் கருவி இதனை எளிதாக்கியது.

1979 சூலையில் வெளியான "ஹைவே டு ஹெல்" திருப்புமுனையாக அமைந்தது. பதிவு நிறுவனத்தின் வற்புறுத்தலால் ஜார்ஜ் யங், ஹாரி வாண்டா ஆகியோருக்குப் பதிலாக ராபர்ட் ஜான் "மட்" லாங்கே தயாரிப்பாளராக அமர்த்தப்பட்டார். இணைந்து பாடும் குரல்களையும் பாடலின் அமைப்பையும் அவர் செம்மைப்படுத்தினார். இத்தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் 17ஆம் இடத்தை எட்டியது.

பான் ஸ்காட்டின் மறைவும் "பேக் இன் பிளாக்" தொகுப்பும்

வெற்றி கைக்கெட்டிய வேளையில், 1980 பிப்ரவரி 19 அன்று பான் ஸ்காட் இலண்டனில் இறந்தார். இரவு மது அருந்திய பின் நண்பர் ஒருவரின் காரில் உறங்கிய அவர், மறுநாள் உயிரற்ற நிலையில் காணப்பட்டார். மிகையான மது நச்சே இறப்புக்குக் காரணம் என விசாரணை முடிவு கூறியது. அப்போது அவருக்கு வயது 33. அவரது அஸ்தி ஃபிரிமேண்டிலில் அடக்கம் செய்யப்பட்டது.

குழுவைக் கலைத்துவிட யங் சகோதரர்கள் எண்ணினர். பான் ஸ்காட்டின் பெற்றோர் அளித்த ஊக்கமும் அவர்கள் தொடர்ந்து இசைக்க ஒரு காரணமாகும். புதிய பாடகராகப் பிரையன் ஜான்சன் (பிறப்பு 1947) தேர்ந்தெடுக்கப்பட்டார். வடகிழக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த இவரும் விடுதிகளில் உருவானவரே. இவரது "ஜோர்டி" குழு 1970களின் தொடக்கத்தில் சிறிது புகழ் பெற்றுப் பின் மங்கியது. ஏசி/டிசியின் அழைப்பு வந்தபோது அவர் கார்களின் மேற்கூரைகளுக்கு உறை பொருத்தும் தொழிலைச் செய்துவந்தார். ஜோர்டி குழுவில் பாடிய இவரைப் பான் ஸ்காட்டே முன்பொருமுறை வியந்து பாராட்டியிருந்தார்.

1980இன் ஏப்ரல், மே மாதங்களில் பகாமாசின் நாசோ நகரில் புதிய தொகுப்பு பதிவு செய்யப்பட்டது. சூலை 25 அன்று வெளியான அதற்குப் "பேக் இன் பிளாக்" எனப் பெயரிடப்பட்டது. துக்கத்தின் அடையாளமாக அட்டை முழுவதும் கறுப்பாக அமைந்தது. முதல் பாடலான "ஹெல்ஸ் பெல்ஸ்" மணியோசையுடன் தொடங்குகிறது. அம்மணியை இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் உள்ள ஒரு மணி வார்ப்பகம் செய்தளித்தது. இறந்தவரைப் புலம்பலின்றி, அவர் விரும்பிய அதே வகை இசையால் நினைவுகூர்ந்தமை இத்தொகுப்பின் சிறப்பாகும். 2019இல் இது அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் படிகளுக்கான சான்றிதழைப் பெற்றது.

1981 பிப்ரவரியில் குழு ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டது. 1977க்குப் பின் தாய்நாட்டில் அது நடத்திய முதல் பெரிய சுற்றுப்பயணம் இதுவேயாகும். உலகப் புகழுடன் தன் ஊர் மேடைக்குத் திரும்பும் வாய்ப்பு பான் ஸ்காட்டுக்குக் கிட்டவில்லை.

இசைமுறை

ஏசி/டிசியின் இசை கேட்பதற்கு எளிமையானது. ஆனால் அந்த எளிமை கவனத்துடன் உருவாக்கப்பட்டது. அதன் கூறுகள் வருமாறு:

- தாளக் கிதார்: மால்கம் யங் தம் கிரெட்ச் கிதாரில் திறந்த நாண்களை அழுத்தமாக வாசித்தார். ஒலியைச் சிதைக்கும் விளைவுகளைக் குறைவாகவே பயன்படுத்தியதால் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும்.
- தனிக் கிதார்: அங்கஸ் யங் கிப்சன் எஸ்ஜி வகைக் கிதாரில் புளூஸ் அடிப்படையிலான தனி வாசிப்புகளை வழங்குகிறார்.
- டிரம்ஸும் பேசும்: ஃபில் ரட் அலங்காரங்களைத் தவிர்த்து நேரான தாளத்தை வாசித்தார். பேஸ் கிதார் ஒரே சுரத்தைச் சீராகத் தொடர்ந்து ஒலிக்கும்.
- இடைவெளி: கிதார் வரிகளுக்கு நடுவே விடப்படும் நொடி நேர மௌனம் அடுத்து வரும் ஒலியை வலிமையாக்குகிறது. "பேக் இன் பிளாக்" பாடலின் தொடக்கம் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இம்முறைக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. எதிரொலி மிகுந்த கூடத்தில் உரத்து இசைக்கும்போது சிக்கலான வாசிப்புகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிடும். குறைந்த சுரங்களும் தெளிவான தாளமும் மட்டுமே கடைசி வரிசை வரை சென்றடையும். மதுவிடுதியில் கற்ற இப்பாடம் ஐம்பதாயிரம் பேர் கூடும் விளையாட்டரங்கிலும் அப்படியே பொருந்தியது.

பிற்கால வரலாறு

1981இல் வெளியான "ஃபார் தோஸ் அபவுட் டு ராக்" அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற இவர்களது முதல் தொகுப்பாகும். பின்னர் 1980களின் நடுப்பகுதியில் விற்பனை சரிந்தது. 1990இல் வெளியான "தி ரேசர்ஸ் எட்ஜ்" தொகுப்பும் அதன் "தண்டர்ஸ்ட்ரக்" பாடலும் குழுவை மீண்டும் உயர்த்தின. 1991 செப்டம்பரில் மாஸ்கோவின் துஷினோ விமானத்தளத்தில் நடந்த இலவச நிகழ்ச்சியில் பல இலட்சம் பேர் திரண்டனர். 2008இல் வெளியான "பிளாக் ஐஸ்" 29 நாடுகளில் முதலிடம் பெற்றது.

2014இல் மால்கம் யங் மறதி நோயால் ஓய்வு பெற்றார். அவரது இடத்தை அண்ணன் மகனான ஸ்டீவி யங் ஏற்றார். 2016இல் செவித்திறன் பாதிப்பால் பிரையன் ஜான்சன் சுற்றுப்பயணத்திலிருந்து விலக நேர்ந்தது; மீதமிருந்த நிகழ்ச்சிகளில் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ஆக்சல் ரோஸ் பாடினார். 2017 அக்டோபர் 22 அன்று ஜார்ஜ் யங்கும், நவம்பர் 18 அன்று மால்கம் யங்கும் மறைந்தனர்.

2020 நவம்பரில் "பவர் அப்" வெளியானது. பிரையன் ஜான்சன், ஃபில் ரட், கிளிஃப் வில்லியம்ஸ் ஆகியோர் இதற்காகத் திரும்பி வந்தனர். மால்கம் விட்டுச்சென்ற இசைக் குறிப்புகளைக் கொண்டு இதன் பாடல்கள் உருவாக்கப்பட்டு, அனைத்தும் மால்கம், அங்கஸ் இருவர் பெயரிலும் வெளியாயின. 2023 அக்டோபரில் கலிபோர்னியாவில் மேடையேறிய குழு, 2024இலும் 2025இலும் சுற்றுப்பயணங்கள் மேற்கொண்டது.

விமர்சனங்கள்

எல்லாத் தொகுப்புகளும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பது இக்குழுவின் மீது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறையாகும். பெண்களை இன்பப் பொருளாகக் காட்டும் இரட்டைப் பொருள் வரிகளும் கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளன. 1991 சனவரியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்த நிகழ்ச்சியில் கூட்ட நெரிசலில் மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர்.

இக்குழுவை வளர்த்த விடுதிச் சூழல் அதற்கு இழப்பையும் தந்தது. பான் ஸ்காட்டின் உயிரைக் குடித்தது மதுவே. மால்கம் யங்கும் மதுப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக 1988இல் சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். நலம் பெற்றுத் திரும்பினார். விடுதி மேடைகளிலேயே வளர்ந்த அங்கஸ் யங்கோ மது அருந்தாதவர் ஆவார்.

முதன்மையான இசைத்தொகுப்புகள்

- ஹை வோல்டேஜ் (1975)
- டி.என்.டி. (1975)
- டர்ட்டி டீட்ஸ் டன் டர்ட் சீப் (1976)
- லெட் தேர் பி ராக் (1977)
- பவரேஜ் (1978)
- ஹைவே டு ஹெல் (1979)
- பேக் இன் பிளாக் (1980)
- ஃபார் தோஸ் அபவுட் டு ராக் (1981)
- தி ரேசர்ஸ் எட்ஜ் (1990)
- பால்பிரேக்கர் (1995)
- ஸ்டிஃப் அப்பர் லிப் (2000)
- பிளாக் ஐஸ் (2008)
- ராக் ஆர் பஸ்ட் (2014)
- பவர் அப் (2020)

சிறப்புகளும் நினைவுச் சின்னங்களும்

2003இல் ஏசி/டிசி அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. 2004இல் மெல்போர்ண் நகரமன்றம் கார்ப்பரேஷன் லேன் என்ற சந்துக்கு இக்குழுவின் பெயரைச் சூட்டியது. 1976இல் சரக்குந்தின் மீது நின்று இவர்கள் இசைத்துச் சென்ற சுவான்ஸ்டன் தெருவிலிருந்து அச்சந்து சிறிது தொலைவிலேயே உள்ளது. ஃபிரிமேண்டில் துறைமுகப் பகுதியிலும், அவரது குடும்பம் வாழ்ந்த ஸ்காட்லாந்தின் கிரிமியூர் ஊரிலும் பான் ஸ்காட்டுக்குச் சிலைகள் நிறுவப்பட்டுள்ளன.